காவலூரைக் கடலுக்குள் தள்ளிய கதை

டிஸ்கி: இது பொட்டி தட்டுகிறவர்களுக்கான கட்டுரை. ஆனால் நட்சத்திரம், சாம்பார், உப்பு, கொஞ்சம் வெட்கம் எல்லாம் கலந்தே வரும். கம்ப்யூட்டர் என்றாலே காத தூரம் ஓடும் நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

எங்கள் வீடு ஆலங்காயம் பக்கம். ஜவ்வாது மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், மரங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி சில கூரைகள் தெரியும். அதுதான் காவலூர். சின்ன வயசில் அதை ஏதோ கோயில் கோபுரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நான். "சாமி இல்லடா, அங்க உக்காந்து நட்சத்திரம் பாக்கறாங்க" என்று அப்பா சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நட்சத்திரம் பார்க்க மொட்டைமாடி போதாதா?

போதாது என்று பிறகு புரிந்தது. வேணு பாப்பு என்ற விஞ்ஞானி 1960களில் தெற்கே நல்ல இருட்டான இடம் தேடி அலைந்து கண்டுபிடித்த ஊர் இது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை ஆரம்பித்தது. 1972ல் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கிக்கு 1986 ஜனவரியில் பாப்புவின் பெயரையே வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1982லேயே காலமாகிவிட்டார். 1988ல் இங்கே ராஜமோகன் குழு கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். நம்ம கணக்கு ராமானுஜன்தான்.

இவ்வளவு பெருமையுள்ள இந்த ஊரை நான் ஒரு முறை கரீபியன் கடலுக்குள் தூக்கிப் போட்டுவிட்டேன். அதுவும் ஆறு மாதம் அங்கேயே கிடந்தது, எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கதைதான் இது.

என்ன வேலை அது?

கல்லூரி புராஜெக்ட். நானும் என் வகுப்புத் தோழியும் ஒரு டீம். எங்கள் சார் தன்னுடைய ஆய்வுக் காலத்தில் காவலூரில் எடுத்து வைத்திருந்த பழைய நிறமாலைக் கோப்புகள் சிலவற்றைக் கொடுத்தார். நட்சத்திரத்தின் ஒளியை வானவில் மாதிரி விரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் வரும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அந்தக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். அளக்கிற நாமும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பூமி சூரியனை விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. தன்னைத்தானே சுற்றுவதால் நிலநடுக்கோட்டில் இருப்பவருக்கு விநாடிக்கு 0.465 கி.மீ. வேகம். காவலூர் 12.58 பாகை வடக்கே இருப்பதால் அது 0.454 ஆகக் குறைகிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பக்கத்து லாரியின் வேகத்தை அளக்கிற மாதிரி. நம்ம பஸ்ஸின் வேகத்தைக் கழித்தால்தான் லாரியின் நிஜ வேகம் தெரியும்.

கழிப்பதற்கு என்ன வேண்டும்? எந்த நேரம், எந்த இடம். இவ்வளவுதான். இடம் என்றால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று மூன்று எண்கள்.

இதற்கு ஐராஃப் என்று ஒரு பெரிய மென்பொருள் உண்டு. அமெரிக்காவில் கிட் பீக் வானாய்வகத்தில் 1981ல் ஆரம்பித்தது. உலகம் பூராவும் வானியல்காரர்கள் பல பத்தாண்டுகள் அதில்தான் குப்பை கொட்டினார்கள். ஆனால் சார், "உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்னா நீங்களே சின்னதா ஒண்ணு எழுதுங்க" என்றார். எழுதினோம். சி மொழியில் நானூறு வரி. அதைக் கம்பைல் செய்ய ஒரு மேக்ஃபைல். அதை எழுதியது நான். இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்ஃபைலும் சாம்பாரும்

தெரியாதவர்களுக்காக. ஒரு புரோகிராமைக் கட்டி எழுப்பும்போது நிறைய விஷயங்கள் இடத்துக்கு இடம் மாறும். எந்தக் கம்பைலர், நூலகங்கள் எந்த ஃபோல்டரில், முடிந்ததை எங்கே நிறுவ வேண்டும் என்பதெல்லாம். இவற்றை நிரலுக்குள் புதைக்காமல் தனியே மாறிகளாக வைப்பது வழக்கம். அந்த மாறிகளுக்கு மதிப்புக் கொடுக்க மேக்ஃபைலில் நாலு விதமான குறிகள் உண்டு. இதை என் ஜூனியர்களுக்குக் கல்யாண வீட்டுச் சாம்பாரை வைத்துத்தான் சொல்லித் தருவேன்.

":=" என்றால், "இப்பவே இவ்வளவு உப்பு போட்டாச்சு, விஷயம் முடிஞ்சது." அந்த வரியைப் படிக்கிற கணத்தில் மதிப்பு தீர்மானமாகிவிடும்.

"=" என்றால், "பரிமாறும்போது ருசி பார்த்துச் சொல்றேன்." அந்த மாறியைப் பயன்படுத்துகிற நேரத்தில்தான் கணக்குப் போடும். நடுவில் யாராவது வேறு எதையாவது மாற்றியிருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

"+=" என்றால், அம்மா போட்ட உப்பின் மேல் அத்தையும் வந்து ஒரு கை போடுவது.

"?=" என்றால், "யாராச்சும் உப்பு போட்டாங்களா? போட்டிருந்தா விடு. போடலைன்னா நான் போடறேன்."

கேட்க நாலாவதுதான் ரொம்பப் பண்பான குறி மாதிரி இருக்கும். விட்டுக்கொடுத்துப் போகிற குணம். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் "யாராச்சும்" என்பதில்தான் வினையே. அந்த யாரோ ஒருவர் அடுப்படிக்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெருவில் போகிற ஆளாகவும் இருக்கலாம்.

வரிசை இதுதான். கட்டளை வரியில் நாம் நேரடியாகக் கொடுக்கும் மதிப்புக்கு முதல் மரியாதை. அடுத்து மேக்ஃபைலில் எழுதியிருப்பது. அதற்கும் கீழேதான் ஷெல்லில் கிடக்கும் சூழல் மாறிகள். மேக்ஃபைலில் சாதாரண "=" போட்டிருந்தால் சூழலில் என்ன கிடந்தாலும் அது கண்டுகொள்ளாது. "?=" போட்டால், "ஓ, ஏற்கெனவே ஒரு மதிப்பு இருக்கிறதா, சரி" என்று ஒதுங்கிக்கொள்ளும். சத்தமே போடாது.

என் மேக்ஃபைலில் இருந்த வரி:

லாங் ?= 78.8266

காவலூரின் தீர்க்கரேகை. கிழக்கே 78.8266 பாகை. சரியான எண்தான்.

எனக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது

ஒரே கோப்புகளை இரண்டு பேரும் தனித்தனியாக அளப்பது, பிறகு ஒப்பிடுவது என்று ஏற்பாடு. வான நடுவரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரம். அதை ஒரே இரவில் மூன்று முறை எடுத்திருந்தார்கள். கிழக்கே ஏறும்போது ஒன்று, உச்சியில் ஒன்று, மேற்கே இறங்கும்போது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே சுமார் மூன்று மணி நேரம்.

தோழியின் கணக்கில் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே வேகம். சப்பென்று ஒரு நேர்க்கோடு. என் கணக்கிலோ முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் விநாடிக்கு 1.24 கி.மீ. வித்தியாசம்! அழகாக ஏறிக்கொண்டே போகிற கோடு.

வேகம் மாறுகிறது என்றால் என்ன அர்த்தம்? பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்கலாம். இரட்டை நட்சத்திரம்! ஒருவேளை யாரும் கவனிக்காத ஒன்று! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு, "நம்ம காவலூர்ல எடுத்ததுப்பா, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்" என்று சொன்னேன். அவர் மறுநாள் கடைத்தெரு பூராவும் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டேனா? சாரிடம் போய்ச் சொன்னேன். "அவளுக்கு ஏன் வரலை?" என்று சார் கேட்டார். அப்போது நான் சொன்ன வாக்கியத்தை இப்போது தட்டச்சு செய்யவே கூச்சமாக இருக்கிறது. "அவங்க கோடுகளைக் கொஞ்சம் அவசரமா அளந்திருப்பாங்க சார்."

அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. போய் மூன்று கோப்புகளையும் மறுபடி முதலிலிருந்து அளந்தாள். அதே நேர்க்கோடு. இன்னொரு முறை அளந்தாள். அதே.

பிறகு என்னிடம் வந்து, "டேய், உன் அளவுக் கோப்பை என் லேப்டாப்ல போட்டு ஓட்டுவோம், என்னோடதை உன்னோடதுல போடுவோம். தப்பு கையிலயா பொட்டியிலயான்னு தெரிஞ்சிடும்" என்றாள். எவ்வளவு சுலபமான, நியாயமான யோசனை! பத்து நிமிட வேலை. நான் இரண்டு வாரம் இழுத்தடித்தேன். பரீட்சை என்றேன், சார்ஜர் இல்லை என்றேன். உண்மைக் காரணம் என்னவென்றால், எனக்கு அந்த நட்சத்திரம் வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியில் ஒருநாள் லேபில் மாட்டிக்கொண்டேன். மாற்றிப் போட்டோம். அவள் அளந்த எண்களை என் லேப்டாப்பில் போட்டால் கோடு ஏறுகிறது. நான் அளந்த எண்களை அவள் லேப்டாப்பில் போட்டால் கோடு சப்பென்று கிடக்கிறது.

தப்பு அவள் கையில் இல்லை. என் பொட்டியில்.

பூமிக்கு அடியில் ஒரு நட்சத்திரம்

அப்போதும் நான் விடவில்லை. "ரெண்டு பேர் நிரலும் ஒண்ணுதானே, மேக்ஃபைலும் ஒண்ணுதானே!" என்றேன். ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு எழுத்து, ஒரு புள்ளி வித்தியாசமில்லை. அதுதான் இந்த வகைப் பிழையின் குரூரம். கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே சரியாக இருக்கும்.

அவள் நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். எந்தத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போடுகிறாய் என்று திரையில் காட்டச் சொல்லும் வரி. அவள் பொட்டியில் 78.8266 என்று வந்தது. என்னுடையதில் 281.1734.

அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஐராஃபில் வானாய்வகங்களின் பட்டியல் ஒரு கோப்பாக இருக்கும். அதில் காவலூருக்கும் ஒரு இடம் உண்டு. அந்த மென்பொருளின் மரபில் தீர்க்கரேகையை மேற்கு நோக்கி அளப்பார்கள். அமெரிக்காவில் பிறந்தது, அவர்களுக்கு அதுதான் வசதி. எனவே கிழக்கே 78.8266ல் இருக்கும் நாம் அங்கே 360லிருந்து கழித்து 281.1734 ஆகிவிடுவோம். நேர மண்டலமும் அப்படித்தான். கிட் பீக்குக்கு 7 என்றால், நமக்கு கழித்தல் 5.5. அவர்கள் மரபுக்குள் அது முழுக்கச் சரி. ஆறு மாதத்துக்கு முன்பு ஐராஃப் பழகிக்கொண்டிருந்தபோது, ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்காக அந்த எண்ணை என் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் "லாங்" என்ற பெயரிலேயே ஏற்றுமதி செய்து வைத்திருந்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

பொட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மாறி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் பண்பான "?=" ஒவ்வொரு முறையும் அதற்கு எழுந்து நின்று இடம் கொடுத்திருக்கிறது.

எங்கள் நிரலில் கிழக்குதான் கூட்டல். அதனால் 281.1734 கிழக்கு என்று எடுத்துக்கொண்டது. அதாவது 78.8266 மேற்கு. வரைபடத்தில் பார்த்தோம். நிகரகுவாவுக்குக் கிழக்கே, கரீபியன் கடலின் நடுவில். 725 மீட்டர் உயரத்தில், கடல் மேல், அந்தரத்தில் காவலூர்!

கணக்கும் பிசகாமல் பொருந்தியது. நட்சத்திரத்தின் இருப்பிடக் கோணம் 157.65 பாகை, அதாவது பத்தரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. உச்சியில் எடுத்த அளவில் பிழை 0.17 கி.மீ. மேற்கே எடுத்ததில் ஒரு பக்கமாக 0.74, கிழக்கே எடுத்ததில் எதிர்ப்பக்கமாக 0.50. இரண்டையும் கூட்டினால் 1.24. என் இரட்டை நட்சத்திரம் முழுவதும் அந்த 1.24க்குள்தான் இருந்தது.

தோழி இன்னொன்றும் கணக்குப் போட்டுக் காட்டினாள். என் பொட்டியின் கணக்குப்படி அந்த மூன்று நேரத்திலும் நட்சத்திரம் வானத்தில் எங்கே இருந்தது? மூன்று முறையும் அடிவானத்துக்குக் கீழே. நான் பூமியைத் துளைத்து நட்சத்திரம் பார்த்திருக்கிறேன் :-)

கதை அங்கேயும் முடியவில்லை

தொடக்கக் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கினேன். புது டெர்மினல் திறந்தேன். மேக் என்று தட்டினேன். "எல்லாம் புதுசாத்தான் இருக்கு, செய்ய ஒண்ணுமில்லை" என்கிற பொருளில் ஒரு பதில். ஓட்டிப் பார்த்தால் மறுபடி 281.1734!

ஒரு நிமிடம் பேய் பிடித்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். காரணம் ரொம்ப எளிது. மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டும்தான். மூலக் கோப்பு மாறியிருந்தால் மறுபடி கம்பைல் செய்யும். மாறியின் மதிப்பு மாறினால் அதற்குத் தெரியாது. பழைய எண்ணோடு கம்பைல் ஆன கோப்பு அப்படியே கிடந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி கட்டியபிறகுதான் காவலூர் கடலிலிருந்து மலையேறியது.

இதில் ஒரு வேடிக்கை. மேக்கை எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், பெல் ஆய்வகத்தில், 1976ல். அவருடைய நண்பர் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டு, ஆனால் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டு, சரியான நிரலிலேயே ஒரு காலைப்பொழுது முழுக்கத் தப்புத் தேடிக் கடுப்பாகி வந்து புலம்பினாராம். அதிலிருந்து பிறந்ததுதான் மேக். இதற்காக அவருக்கு 2003ல் ஏசிஎம் விருதும் கிடைத்தது. எந்த நோய்க்கு மருந்தாக அது வந்ததோ, அதே நோய் வேறு வாசல் வழியாக எனக்கு வந்திருக்கிறது.

இது மேக்கின் குற்றம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சிமேக்கில் ஒருமுறை கொடுத்த மதிப்பு ஒரு தற்காலிகச் சேமிப்புக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மூலக் கோப்பில் இயல்பு மதிப்பை எத்தனை முறை மாற்றினாலும் பழையதே வரும். கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளும் பழைய விருப்பங்களை ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் எந்தக் கட்டளையில் ஓட்டினீர்கள் என்பதைத் தன் பதிவேட்டின் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடும் நல்ல பழக்கம் அதற்கு உண்டு. ஐராஃபுக்கு எம்கேபிகேஜி என்று சொந்தமாகவே ஒரு கட்டும் கருவி. அதில் பொது அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருப்பார்கள். அங்கேயும் ஒரு புகழ்பெற்ற பள்ளம் உண்டு. ஐராஃப் என்ற சூழல் மாறியில் ஃபோல்டரின் பாதை இருக்கும். அதன் கடைசியில் ஒரு சாய்வுக்கோடு கட்டாயம் வேண்டும். அந்த ஒரு கோடு விட்டுப்போனால் அடுத்தடுத்த பாதைகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு உளற ஆரம்பிக்கும்.

பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் எண்ணைக் கொடுத்தது. இன்னொன்று அதை நியூட்டன் அலகு என்று நம்பியது. இரண்டு பக்கமும் எண் எண்ணாகத்தான் இருந்தது. அலகு மட்டும்தான் யார் கூடவும் பயணம் போகவில்லை. என் தீர்க்கரேகை விஷயத்திலும் இதேதான். எண் வந்தது. கிழக்கா மேற்கா என்பது வரவில்லை.

இப்போது என்ன செய்கிறேன்

சூடு பட்ட பூனையின் வழக்கங்கள் இவை. யாருக்காவது பயன்படும்.

முதலாவது, "?=" குறியைக் கம்பைலர், நிறுவும் இடம் மாதிரி ஊருக்கு ஊர் நியாயமாகவே மாறக்கூடிய விஷயங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். மலை இருக்கும் இடத்தைத் தெருவில் போகிறவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளக் கூடாது. அதற்கு ":=" போதும்.

இரண்டாவது, பெயர். "லாங்" என்று பேர் வைத்தால் ஊரில் நாலு லாங் இருக்கும், ஒரே தெருவில் நாலு முருகன் மாதிரி. இப்போது "காவலூர்_தீர்க்கரேகை_கிழக்கு_பாகை" என்கிற பாணியில் நீட்டி முழக்குகிறேன். திசையும் அலகும் பெயரிலேயே இருப்பதால் வேறு எதோடும் மோதாது.

மூன்றாவது, மாறி எங்கிருந்து வந்தது என்று மேக்கிடமே கேட்கலாம். "ஆரிஜின்" என்று ஒரு செயல்பாடு உண்டு. இது கோப்பிலிருந்து வந்தது, இது சூழலிலிருந்து வந்தது, இது கட்டளை வரியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். இதை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தால் நான் ஒரு நல்ல மனுஷனாகவே இருந்திருப்பேன்.

நாலாவது, மாறிகளின் மதிப்புகளை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைப்பது. ஒவ்வொரு முறையும் புதிய மதிப்புகளை அதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் அந்தக் கோப்பைத் திருத்துவது. மற்ற எல்லாக் கோப்புகளும் அதைச் சார்ந்திருக்கிற மாதிரி மேக்ஃபைலில் சொல்லிவிட்டால், மதிப்பு மாறினாலும் மேக் விழித்துக்கொள்ளும். லினக்ஸ் கெர்னலைக் கட்டும்போதும் இதற்கு இணையான உத்திதான். ஒவ்வொரு கோப்பையும் எந்தக் கட்டளையால் கட்டினோம் என்று சேமித்து வைத்து, கட்டளை மாறினாலும் மறுபடி கட்டுகிறார்கள்.

ஐந்தாவது, முடிவு எங்கே போகிறதோ அங்கேயே அமைப்பும் போக வேண்டும். வானியலில் ஃபிட்ஸ் என்கிற கோப்பு வடிவம் 1981லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் தலைப்பகுதியில் "ஹிஸ்டரி" என்று வரலாறு எழுதவே இடம் வைத்திருக்கிறார்கள். இப்போது எங்கள் நிரல் பயன்படுத்திய தீர்க்கரேகையை அங்கே எழுதிவிடுகிறது. பத்து வருடம் கழித்து யார் திறந்தாலும் எங்கே நின்று பார்த்தோம் என்று தெரியும்.

கடைசியாக, தோழி சேர்த்த ஒரு சோதனை. கணக்குப்படி நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே இருந்தால் நிரல் உடனே நின்றுவிடும். "பூமியைத் துளைக்காதே" என்று ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியை எழுதியது அவள். யாரைக் குத்துகிறாள் என்று உங்களுக்கே தெரியும்.

முடிக்கும் முன்

1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு மிக அருகே கடப்பதைக் காவலூரில் கவனித்தார்கள். அன்றைக்கு அந்த நட்சத்திரம் சட்டென்று மங்கியது. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்துகொண்டிருந்த நாசாவின் கைப்பர் விமானத் தொலைநோக்கியும் அதையேதான் பார்த்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. காவலூரில் அந்த இரவு வேலை பார்த்தவர்களில் ஒருவர் பட்டாச்சார்யா. இன்றைக்கு அங்கே இருக்கும் 1.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். வெவ்வேறு இடத்தில் நின்று பார்த்தவர்களின் அளவுகளைச் சேர்த்து வைத்தால்தான் அந்த மாதிரிக் கண்டுபிடிப்பு உறுதியாகும். அப்படிச் சேர்க்க, ஒவ்வொருவரும் தான் எங்கே நின்றேன், எந்த நொடியில் பார்த்தேன் என்பதைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொருவர் அளவு நம்முடையதோடு ஒத்துப்போகவில்லை என்றால், அவர் அவசரக்காரர் என்று முடிவு கட்டும் முன், நாம் எங்கே நிற்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை.

மறுநாள் சாரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவளைப் பற்றி நான் சொன்ன வாக்கியத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். சார் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மேக்ஃபைலை இனிமே அவங்க எழுதட்டும்" என்றார். அவள் மட்டும், "சாரி எல்லாம் சரிடா. அந்த ரெண்டு வாரத்தை யாரு திருப்பித் தருவா?" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதி வைக்கிறேன்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தாரே! எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நட்சத்திரம் ஒண்ணுதானா?" என்றார்.

"ஒண்ணுதான்பா. எங்க கணக்குல மாறவே இல்லை."

"சரி விடு. ஒண்ணாச்சும் ஒழுங்கா இருக்கே."

பின்குறிப்பு: இதைப் படித்து முடித்ததும் உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். எப்போது, எதற்காகப் போட்டோம் என்று ஞாபகமில்லாத வரி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உங்கள் ஊர் இப்போது எந்தக் கடலில் மிதக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.